சாயங்காலம் வரைக்கும் என் கையில்

நம்ம செட்டில் இன்னும் யார் யார் மிச்சம் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் போடும் சத்தத்துக்கு நடுவில் இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். புள்ளக்காம்பரா வாசனை ஞாபகம் வருகிறதா? புளித்த பால், ஈரச் சாக்கு, பினைல், யூக்கலிப்டஸ் விறகுப் புகை, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தை மூத்திரம். மூக்கைப் பொத்தாதீர்கள். அம்மாமார் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனபோது நம்மைப் போட்டுவிட்டுப் போன இடம் அது. அந்த வாசனையில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம்.

இப்போது அதற்கு நல்ல பெயர் வைத்து, சுவரில் முயலும் வாத்தும் வரைந்திருக்கிறார்கள். போன வருஷம் லிந்துலைப் பக்கம் ஒரு சாவுக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. பழைய சேலையில் கட்டிய தொட்டில்கள் வரிசையாகத் தொங்கிய அந்தக் கூரைக் கம்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும், அதன் கீழே நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து, எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஏன் சிரித்தேன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துப் புள்ளக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணமாகிக் கொத்மலைப் பக்கம் போனவர், புருஷன் இறந்ததும் ஒரு தகர றங்குப்பெட்டியோடு எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கே திரும்பி வந்துவிட்டார். பிள்ளை இல்லை. தோட்டம் முழுக்க அவரை ஆயம்மா என்றுதான் கூப்பிடும். உயரமான ஆள், கட்டையான குரல், கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாங்கள்தான் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மற்ற எல்லோருக்கும் மாரியம்மனும் முருகனும். தோட்டத்து எல்லையில் ஒரு மேட்டில் தகரக்கூரை போட்ட எங்கள் கோயில் இருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நனைந்த குடைகளோடு வருகிற கொஞ்சம் குடும்பங்கள்தான் சபை. ஞாயிறு தோறும் உபதேசியார் ஆராதனை நடத்துவார். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு மட்டும் டவுனிலிருந்து போதகர் வருவார்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு கொழுந்துக் காலத்தை. எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு. அம்மா மலைக்குப் போய்விடுவார். அப்பா இஸ்டோருக்கு, அதுதான், தேயிலை ஃபெக்டரிக்கு. தம்பி தவழ்கிற பிள்ளை, அவன் தொட்டிலில். நான் புள்ளக்காம்பராப் படியில் உட்கார்ந்துகொண்டு ஊர் நடப்பைப் பார்ப்பேன். அதைவிட நல்ல இடம் தோட்டத்திலேயே கிடையாது.

விடிகிற நேரத்தில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. இவ்வளவுக்கும் நடுவே ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் தூக்குப்போணி. அத்தை வாசலிலேயே நிற்பார். ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போது நெஞ்சோடு அணைத்து, மெதுவாக ஒரு வார்த்தை சொல்லுவார்.

"ஆண்டவரே, இது ஒம்முடையது. சாயங்காலம் வரைக்கும் எங்கையில."

அவ்வளவுதான். அடுத்த பிள்ளை. அதற்கும் அதே வார்த்தை. மழை கொட்டினாலும், பிள்ளை வீறிட்டாலும், கங்காணி கீழே நின்று கத்தினாலும் ஒரு பிள்ளைக்கும் அந்த வார்த்தை விடுபடாது. சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வந்ததும் பிள்ளையை முகம் கழுவி, தலை சீவி நீட்டுவார். அம்மாக்காரி வாங்கிக்கொண்டு திரும்பியதும், "ஒப்படைச்சுட்டேன் ஆண்டவரே" என்பார். கடைசிப் பிள்ளை போன பிறகுதான் அவர் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்.

பெண்கள் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க மாரியாத்தாவுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிவிடுங்க ஆயம்மா" என்று சிலர் கேலி பண்ணுவார்கள். அத்தை, "அவகளுக்கு நீ சொல்லு, ஒனக்குத்தான் பழக்கம்" என்பார். சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

சிரிக்காத ஒருத்தர் உண்டு. எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்த கோடிக்காம்பரா அக்கா. அவர் அத்தையின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கைப்பிள்ளையை நீட்டுவார், கூடவே, மற்றவர்களைப் போல, ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தையும். "துன்னூறு. அழியாம பாத்துக்கங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

காரணம் முந்தின வருஷத்துக் கொழுந்துக் காலத்தில் இருந்தது. கொழுந்து பொங்குகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மலையில் வேலை இருக்கும். கைக்காசு என்று சொல்வார்கள், அன்றைய கூலி தனி. அந்தக் காசுக்காக எங்கள் அம்மாவைத் தவிரப் பெண்கள் எல்லோரும் போவார்கள். அந்தக் காலத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தை வழக்கம்போலப் புள்ளக்காம்பராவைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கு வந்துவிட்டார். கோடிக்காம்பரா அக்காவின் மூத்த பெண், அப்போது நடக்கப் பழகிய குழந்தை, லயத்தில் பெரிய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்புக்குள் கையை வைத்துவிட்டது. விரல்கள் ஆறின, ஆனால் நிமிரவில்லை. அன்றைக்கு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று கத்தியதை நானும் கேட்டேன்.

"நீங்க ஒங்க சாமியத் தேடிப் போனீங்க. எம்புள்ள கை வெந்துபோச்சு!"

அப்பாதான், "வம்பு பேசாத, ஆயா வேலைக்கு ஞாயித்துக்கெழம லீவு இருக்கு" என்று கதவைச் சாத்தினார். சட்டப்படி அப்பா சொன்னது சரி. அப்பாவுக்கு எல்லாமே சட்டப்படிதான்.

அடுத்த கொழுந்துக் காலம் வந்தது. முதல் கைக்காசு ஞாயிறு காலையில் அத்தை குளித்தார், ஆனால் றங்குப்பெட்டியைத் திறக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் பூச்சி உருண்டை வாசனையோடு அவருடைய வெள்ளைச் சேலை இருக்கும். கோயிலுக்கு மட்டுமே கட்டுகிற சேலை. அன்றைக்கு அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பழைய பச்சைச் சேலையைச் சொருகிக்கொண்டு புள்ளக்காம்பராச் சாவியை எடுத்தார்.

"கோயிலுக்கு வரல்லியாக்கா?" என்றார் அப்பா.

"புள்ளைங்க வரும் தம்பி."

அடுத்த ஞாயிறும் இதே கேள்வி, இதே பதில். அப்புறம் அப்பா கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேகமாக நடப்பார், நானும் அம்மாவும் பின்னால் ஓடுவோம். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். சொந்த அக்காவே ஆராதனைக்கு வராவிட்டால் மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவர் கவலை. அப்பா கெட்டவர் இல்லை. சுடுதண்ணீரைக்கூட ஜெபம் பண்ணாமல் குடிக்காத மனிதர். கோயிலுக்குள் நடப்பதுதான் ஆராதனை என்று நம்பினார், அவ்வளவுதான். இப்போது அவரை விட எனக்கு வயது அதிகமாகிவிட்டதால் இதைத் தாராளமாகச் சொல்லுகிறேன்.

என்ன ஏது என்று விசாரிக்க உபதேசியார் ஒரு நாள் புள்ளக்காம்பராவுக்கே வந்துவிட்டார். நல்ல மத்தியானம். பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற நேரம். அத்தை ஈயச் சட்டியில் வெந்நீர் வைத்து, நீலக் கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நீலக் கோப்பை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விளிம்பெல்லாம் எனாமல் பெயர்ந்து, பிடியில் கம்பி சுற்றியிருக்கும். கோடிக்காம்பரா அக்காவின் பிள்ளையைத் துவட்டிய பிறகு, அத்தை பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். அதற்குள்தான் எல்லா அம்மாக்களும் கொடுத்த பொட்டலங்கள் இருக்கும், பக்கத்திலேயே அத்தையின் சின்ன ஜெபப் புத்தகமும் கிடக்கும். இந்தப் பிள்ளையின் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் திருநீற்றைத் தொட்டு, அதன் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டார்.

உபதேசியார் வாசற்படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வேதக்காரி கையால விபூதியா?"

அத்தை திரும்பிப் பார்த்தார். அவருக்கு எந்தப் பதற்றமும் இல்லை. "காலைல வாங்கயில நெத்தியில இருந்துச்சுங்க. குளிப்பாட்டுனதுல போயிருச்சு. வந்தபடியேதானே திருப்பிக் குடுக்கணும். உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

உபதேசியார் உள்ளே வரவில்லை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை. மடமடவென்று இறங்கிப் போய்விட்டார். அத்தை அடுத்த பிள்ளையின் காதுக்குப் பின்னால் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. ஞாயிறு ஆராதனையை விட்டது ஒன்று, விபூதி பூசியது இன்னொன்று. வரப்போகிற ஈஸ்டர், அந்த உயிர்த்த ஞாயிறன்று அத்தைக்குத் திருவிருந்து இல்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். அத்தையைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. தீர்மானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும். அப்பா தொண்டையைச் செருமி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். அத்தை சண்டை போடுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், பதிலெல்லாம் தயாராக வைத்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சரி தம்பி" என்றார் அத்தை. கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைச் சாப்பிடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அம்மா சட்டியை அடுப்பில் டங்கென்று வைத்தார். எங்கள் வீட்டில் அம்மாவின் கருத்து எப்போதும் சட்டி மூலம்தான் வெளிவரும்.

உங்களில் வேதக்காரர் இல்லாதவர்களுக்கு அத்தையின் நிலைமை புரியாமல் போகலாம். புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டு மூலையில் படுக்கிற பெண்ணுக்குத் தனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். வருஷம் முழுக்க எதையும் கேட்காதவர், உயிர்த்த ஞாயிறன்று மட்டும் எல்லோருக்கும் முன்னால் போய் முழங்காலில் நின்று இரண்டு கையையும் ஏந்துவார். அந்த அப்பத்துண்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் முகம் வேறு முகமாக இருக்கும். அதைத்தான் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உபதேசியார் மேல் வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அம்மா குடத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வரிசையில் கோடிக்காம்பரா அக்காவும் நின்றார்.

"எதுக்காம் நிப்பாட்டுனாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"கோயிலுக்கு வரல்லன்னு ஒன்னு. துன்னூறு பூசுனாகன்னு இன்னொன்னு."

"யாருக்குத் துன்னூறு?"

அம்மா கோடிக்காம்பரா அக்காவைப் பார்த்தார். அக்காவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அன்றைக்கே அவர் தலைவரிடம் போய்விட்டார். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். இலங்கைச் சர்க்கார் ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு நம் ஆட்களுக்கு எந்த வழக்கென்றாலும் தலைவர்தானே? கூரை ஒழுகினால் தலைவர், கணக்கப்பிள்ளை திட்டினால் தலைவர், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் தலைவர். ஆயம்மாவை அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்றதும் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, குடையைப் பின்கழுத்துக் காலரில் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அது உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. சாயங்காலம் ஆயத்த ஜெபத்துக்காகப் போதகர் வந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கோயிலுக்குள் இருந்தார்கள். கொழுந்து நிறுத்த கையோடு பெண்கள் அப்படியே மேட்டில் ஏறினார்கள், இடுப்பில் ஈரச் சாக்கு, காலில் சேறு. முன்னால் தலைவர். வேடிக்கை பார்க்க லயத்துப் பிள்ளைகள் மொத்தமும் பின்னால். என் அத்தை மட்டும் இல்லை. கடைசிப் பிள்ளையின் அம்மா இந்த ஊர்வலத்தில் இருந்ததால், அவர் அந்தப் பிள்ளையோடு புள்ளக்காம்பராவில் காத்துக்கொண்டிருந்தார்.

"வணக்கங்க" என்றார் தலைவர். "எங்க ஆயம்மா சம்பந்தமா பேச வந்திருக்கோம்."

உபதேசியார் எழுந்தார். "இது சபை விசயங்க. சங்கத்துக்கு இதுல வேல இல்ல."

"ஆளு எங்க ஆளுங்க. அந்தம்மாவ நிப்பாட்டுனீங்களே, குத்தம் என்னான்னு அவங்ககிட்ட சொன்னீங்களா? விசாரண வச்சீங்களா?"

"நிப்பாட்டுனது வேலைய இல்லீங்க. திருவிருந்த."

"எதுவா இருந்தாலும் விசாரண இல்லாம நிப்பாட்ட முடியாதுங்க. தொரையே அப்புடிச் செய்ய முடியாது. நீங்க எப்புடிச் செய்யிறது?"

பெண்கள் ஆமாம் போட்டார்கள். அவர்களுக்குத் திருவிருந்து என்றால் என்னவென்றே தெரியாது. நிறுத்தினால் தலைவர் கேட்பார் என்பது தெரியும், அது போதும். போதகர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இருமலா சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வயதானவர், தடித்த கண்ணாடி போட்டவர்.

"தலைவர் கேக்குறது நியாயந்தான்" என்றார் கமிட்டியைப் பார்த்து. "அந்தம்மாவக் கூப்பிட்டுக் கேட்டோமா?"

அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

அப்போது கோடிக்காம்பரா அக்கா முன்னால் வந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத ஆள். சாக்கின் நுனியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"சாமி, போன வருசம் அந்தம்மா கோயிலுக்கு வந்த அன்னிக்குத்தான் எம்பொண்ணு கை வெந்துச்சு. நா வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அதுலேருந்து கைக்காசு ஞாயிறுன்னா அவங்க கதவத் தொறந்து வச்சிருக்காங்க. எதுக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. நானும் அவங்க மொகத்தப் பாத்ததில்ல. துன்னூறு பூசுனது எம்புள்ளைக்கித்தான். நா பொட்டலத்த மறந்துபோன அன்னிக்கும் அந்தம்மா மறக்கல. அதுக்கு ஒங்க சாமி கோவிச்சுக்கும்னா, நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

கூரையில் மழை தூற ஆரம்பித்தது. அப்பா இப்போது கூரையைப் பார்க்கவில்லை, தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் பெண்ணுடைய கைக்காக அத்தை தன் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டிருக்கிறார் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரே காம்பராவில் இருந்துகொண்டு, ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கத் தேவையில்லம்மா" என்றார் அக்காவிடம். பிறகு கமிட்டியிடம், "நம்ம கதவு வாரத்துக்கு ஒருக்கா தொறக்குது. அவங்க கதவு தினம் தொறக்குது. எது ஆராதனன்னு நாமதான் அவங்ககிட்ட கேட்டுப் படிக்கணும். தடை இல்ல" என்றார்.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சுருக்கமாக எந்தத் தோட்டத் துரையும் அவருக்கு இறங்கி வந்ததில்லை.

ஆனால் போதகர் விடவில்லை. "நாளைக்கும் ஒங்களுக்குக் கைக்காசு வேல இருக்குதானே? தடைய எடுத்தாலும் புள்ளைங்கள விட்டுட்டு அந்தம்மா வருவாங்களா?"

வரமாட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் துரையும் வேதக்காரர்தான், ஆனால் கொழுந்துக்கு உயிர்த்த ஞாயிறு தெரியாது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தலைவருக்கும் இதற்குக் கோரிக்கை தோன்றவில்லை.

"நா நிக்கிறேன்" என்றார் கோடிக்காம்பரா அக்கா.

"கைக்காசு போயிரும்டி" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

"போகட்டும். அந்தம்மாவுக்குப் போகலியா?"

கொஞ்சம் பொறுத்து இன்னொரு பெண், "அப்ப அடுத்த ஞாயிறு நா நிக்கிறேன்" என்றார். அதற்கப்புறம் யார் முந்தி யார் பிந்தி என்று ஒரு சச்சரவே வந்துவிட்டது. தலைவர் அதைத் தீர்த்துவைத்தார். அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே.

அப்பா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. மறுநாள் விடியும் முன்னே எழுந்து, கரியைப் பற்றவைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, றங்குப்பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்துத் தானே தேய்த்தார். வாழ்நாளில் சேலை தேய்த்தறியாதவர். முந்தானைப் பக்கம் ஓரிடத்தில் பழுப்பாகத் தீய்ந்துவிட்டது. பேயறைந்த மாதிரி நின்றார். அத்தை வந்து பார்த்தார், மூக்கு சிவக்கவில்லை.

"உள்மடிப்புல போயிரும் தம்பி" என்று சொல்லிவிட்டு அதையே கட்டிக்கொண்டார். அந்தச் சேலை எங்கே போனது என்று தெரியவில்லை. அத்தை செத்தபோது தேடினோம், கிடைக்கவில்லை.

கோயிலுக்குப் போகிற வழியில் புள்ளக்காம்பராவுக்குப் போனோம். கோடிக்காம்பரா அக்கா தலைமுடியை இழுத்துச் சொருகிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவரைப் போல வாசலில் நின்றார். அத்தை அவருக்குப் பாடம் ஒப்பித்தார். இவன் பால் சூடா இருந்தாத்தான் குடிப்பான், இது ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தூங்கும், அந்தக் கதவுக் கொண்டிய மறந்துறாத. அம்மா ஒரு காரியம் செய்தார். எப்போதும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிற தம்பியைக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்கும், தம்பியை வாங்கும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

கோயிலில் திருவிருந்துக்குக் கூப்பிட்டதும் வழக்கமாகக் கமிட்டிக்காரர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள். அன்றைக்கு அப்பா எழுந்து, வழியை விட்டு ஒதுங்கி நின்றார். அவர் நிற்கவும் மற்றவர்களும் நின்றார்கள். அத்தை அந்த நடுவழியில் தனியாக நடந்துபோய் முழங்காலில் நின்றார். பின்னாலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் வெடித்த இரண்டு குதிகாலும், அந்தப் பழுப்புத் தீய்ச்சலும்தான். முந்தானை நழுவி, மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. போதகர் அப்பத்தைக் கையில் வைத்தபோது குனிந்து என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். "ஒனக்கெதுக்கு" என்றுதான் பதில் வந்தது.

ஆராதனை முடிந்து எல்லோருக்கும் இனிப்புப் பன்னான பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அத்தை நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறக்கத்தில் கிட்டத்தட்ட ஓடினார். பணிஸைக் கடித்துக்கொண்டே நானும் ஓடினேன். தூரத்திலேயே அழுகைக் கச்சேரி கேட்டது.

புள்ளக்காம்பராவுக்குள் கோடிக்காம்பரா அக்கா கொண்டை அவிழ்ந்து, சேலையெல்லாம் பால் கொட்டி நின்றார். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. அத்தை முந்தானையைச் சொருகிக்கொண்டு உள்ளே காலை வைத்தார்.

"நீங்க உக்காருங்கக்கா" என்றார் அவர். முதல்முறையாக அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "இன்னிக்கு எம்பேரு."

அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் அங்கே சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சேலையோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி இருந்தார். எழுந்து உதவப் போகும்போதெல்லாம் அக்கா ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

குளிப்பாட்டு நடந்தது. பிஸ்கட் டின்னைத் திறந்து, பொட்டலம் மாறாமல் ஒவ்வொரு நெற்றிக்கும் திருநீறு வைத்தார் அக்கா. தம்பியின் முறை வந்தது. துடைத்தார், தலை சீவினார், பொட்டலத்தைத் தொடவில்லை. சும்மா ஒரு தடவை வெறும் நெற்றியைத் தடவிவிட்டு இறக்கிவிட்டார்.

"இது வந்தபடியே இருக்குக்கா. பாத்துக்கங்க" என்றார்.

அத்தை பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளைப் பட்டை போட்ட இத்தனை நெற்றிகளுக்கு நடுவில் தம்பியின் நெற்றி மட்டும் எண்ணெய் மினுமினுக்க வெறுமையாக இருந்தது. அவன் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் நீலக் கோப்பையைத் தூக்கிப் பக்கத்துப் பிள்ளையை அடிக்கப் போனான்.

மாலையில் பெண்கள் மலை இறங்கி வந்தார்கள். அன்றைக்கு அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கொடுத்தார். கைக்காசு வாங்கிய பெண்கள் வெறுங்கையோடு நின்றவரிடமிருந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிப் பிள்ளையும் போயிற்று. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கீழே ஆற்றோரத்து மரத்தடியில் மாரியம்மன் கோயில் இருக்கிற பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார்.

"ஒப்படைச்சுட்டேன் தாயே."

பெஞ்சிலிருந்து அத்தையின் கட்டைக் குரல் வந்தது.

"ஆமென்."

அப்புறம் எழுந்துபோய், இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.